வந்தாரைத் தங்க வைத்த நகரம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் காலனிக் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "ஊருக்கு எப்பொழுது?" என்பதே. ஊர் என்றால் கும்பகோணம், திருநெல்வேலி, காரைக்குடி, வேலூர். அங்கிருந்து உறவினர் இங்கு வந்தாலோ, அவர்களை அழைத்துக்கொண்டு சார்மினாருக்கும் சாலார்ஜங் காட்சிச்சாலைக்கும் கோல்கொண்டாக் கோட்டைக்கும் ஒரு நடை போய் வருவதோடு இந்நகருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இங்கு வாழ்ந்தவர்களும் ஹைதராபாத்தைத் தங்கிப் போகும் இடமாகவே எண்ணி வருகிறோம். அந்தத் தங்குமிடத்தின் வரலாற்றையாவது நாம் அறிந்துகொள்ளலாமே என்பதுதான் இக்கட்டுரை எழுந்த காரணம்.

ஒரு நகரின் சிறப்பை அதன் அரண்மனைகளின் உயரத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அயலூரான் ஒருவன் பொழுது சாயும் வேளையில் வந்து சேர்ந்தால் அந்நகரம் அவனுக்கு எங்கே படுக்க இடம் கொடுத்தது என்று கேட்டுப் பார்ப்பது மற்றொரு முறை. நாமும் அயலூரிலிருந்து வந்தவர்களே ஆதலால் இரண்டாவது முறையே நமக்குப் பொருத்தமானது.

சத்திரம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சராய் என்பது அன்னியமான பொருளன்று. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயர் தாங்கிய சத்திரத்தையும், ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தையும் நம்மில் பலர் கண்டிருப்பர். எந்த வழியே போனால் எந்த ஊரில் என்ன விருந்து கிடைக்கும் என்று வழிநடைப் பாணனுக்குச் சொல்லும் ஆற்றுப்படை நூல்களைப் பெற்ற மொழி நம்முடையது. பாரசீக மொழியிலிருந்து வந்த சராய் என்னும் சொல்லும் அதே அறத்தின் மற்றொரு வடிவத்தையே குறிக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நம் சத்திரங்கள் பலவற்றில் சோறும் போட்டார்கள். சராயிலோ கூரையும், கிணற்று நீரும், குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் கொட்டிலும், இரவில் அடைத்துத் தாழிடும் பெருவாயிலுமே கிடைக்கும். படுக்கையும் பண்டபாத்திரமும் பிரயாணியினுடையவை. கள்வர் அச்சம் மிகுந்த காலத்தில் அந்தப் பெருவாயிலின் தாழ் ஒன்றே பெரிய விருந்தாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1591-இல் முகம்மது குலி குதுப் ஷா ஹைதராபாத் நகரை எழுப்பினார். வைரமும் துணியும் தேடிப் பல நாட்டு வணிகர் கோல்கொண்டா இராச்சியத்தை நாடி வந்த காலம் அது. கோட்டைக்கும் புதிய நகருக்கும் இடையே, மூசி ஆற்றின் வடகரையில் அமைந்த பகுதிக்குக் கார்வான் என்றே பெயர். வணிகச் சாத்து என்பது அதன் பொருள். சிலப்பதிகாரம் படித்தவர்க்குச் சாத்து என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இன்றும் நகரப் பேருந்தின் பெயர்ப் பலகையில் கார்வான் என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஒட்டக வரிசையை நினைப்பவர்தாம் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோன பிரெஞ்சு நாட்டு இரத்தின வணிகர் டவர்னியர், 1676-இல் வெளிவந்த தம் பயண நூலில் இந்தப் புறநகரைக் குறித்திருக்கிறார். வணிகரும் தரகரும் கைவினைஞரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது என்றும், அங்கிருந்த அழகிய மசூதிகள் இரண்டு மூன்று அயலார் தங்கும் சராய்களாகவும் பயன்பட்டன என்றும், சுற்றுப்புறத்தில் கோயில்கள் பல காணப்பட்டன என்றும் அவர் எழுதுகிறார். வழிபடும் இடத்தையும் வழிப்போக்கன் உறங்கும் இடத்தையும் ஒரே மதிலுக்குள் அமைத்த வழக்கம் நம் கவனத்துக்குரியது. புரானா புல் என்னும் பழைய பாலத்தின் அருகே அபுல் ஹசன் தானா ஷா காலத்தில் எழுந்த மியான் மிஷ்க் மசூதியும் இவ்வகையைச் சேர்ந்ததே. தொழுகை மண்டபம், சுற்றிலும் அறைகள், ஒருபுறம் நீராடும் இடம் என அமைந்தது அது.

இவை யாவற்றிலும் பெரியது நகரின் கிழக்கே, மசூலிப்பட்டினத் துறைமுகத்துக்குச் செல்லும் பழைய பெருவழியில் உள்ள ஹயாத்நகரில் இருக்கிறது. நகரை நிறுவிய முகம்மது குலியின் மகளும், அடுத்த சுல்தானின் மனைவியும், அதற்கடுத்த சுல்தானாகிய அப்துல்லாவின் தாயுமாகிய ஹயாத் பக்ஷி பேகம் என்னும் அம்மையாரின் பெயரால் அமைந்த ஊர் அது. மசூதியை நடுவில் வைத்து நாற்புறமும் வளைவு வாயில்களோடு கூடிய அறைகள் நூற்றுக்கு மேல் வரிசையாக ஓடுகின்றன. அருகே யானைக் கிணறு எனப் பொருள்படும் ஹாத்தி பௌலி என்ற பெருங்கிணறும் உண்டு. கடற்கரையிலிருந்து பல நாள் நடந்து வந்த வணிகன் தலைநகரில் நுழையுமுன் கடைசி இரவைக் கழித்த இடம் இதுவாக இருக்கும். மங்கம்மாள் மதுரையில் ஆண்டதற்குச் சில தலைமுறைகளே முன்னர் இங்கும் ஓர் அரசமாதேவியின் பெயர் வழிப்போக்கரின் நாவில் வாழ்ந்திருக்கிறது!

கோட்டையின் மறுபக்கத்தில் ஷேக்பேட்டைச் சராய் இருக்கிறது. இரண்டு அடுக்குகளும் ஏறத்தாழ முப்பது அறைகளும், விலங்குகளுக்குத் தனிக் கொட்டிலும் கொண்ட குதுப் ஷாஹி காலத்துக் கட்டடம் அது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

1687-இல் கோல்கொண்டா ஒளரங்கசீப்பின் வசமானது. சாத்துகள் குறைந்தன, வழிகள் மாறின. பின்னர் ஆசப்ஜாஹி மன்னர்களாகிய நிஜாம்களின் காலத்தில் ஆங்கிலேயரோடு ஏற்பட்ட உடன்படிக்கைகளின் விளைவாக ஹுசேன் சாகருக்கு வடக்கே படைவீடு அமைந்து, 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. அப்படை சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. அதனோடு வந்த சிப்பாய்களும் கணக்கர்களும் ஒப்பந்தக்காரர்களும் ஆசிரியர்களுமே இந்நகரத் தமிழரில் மூத்த குடியினர். பத்மாராவ் நகர் என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர் ஒரு முதலியாருடையது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

படைவீட்டு வெள்ளையர்களுக்கு உல்லாசப் பிரயாணம் என்பது வெயிலிலிருந்து தப்பி ஓடுவதே. வசதியுள்ளோர் நீலகிரிக்குச் சென்றனர். 1820-களில் ஜான் சல்லிவன் உதகையில் கல் வீடு கட்டியதிலிருந்து தென்னாட்டு ஆங்கிலேயர் யாவர்க்கும் அதுவே கோடைப் புகலிடம். பிற்காலத்தில் நிஜாம் குடும்பத்தாருக்கும் அங்கே 'செடார்ஸ்' என்ற மாளிகை இருந்தது. தமிழ்நாட்டு மலைக் காற்றை நாடி ஹைதராபாத் மன்னர் சென்றதும், பிழைப்பை நாடித் தமிழர் ஹைதராபாத்துக்கு வந்ததும் ஒரே இருப்புப்பாதையில்தான் நடந்தன. அவ்வளவு தொலைவு போக இயலாதபோது பிரிட்டிஷ் ரெசிடெண்டு பொலாரத்தில் இருந்த தம் தோட்ட மாளிகைக்குப் போய்விடுவார். அம்மாளிகையே இன்றைய இராஷ்டிரபதி நிலையம். குடியரசுத் தலைவர் ஆண்டில் சில நாள் வந்து தங்கும் இவ்விடம் 2023 முதல் பொதுமக்கள் ஆண்டு முழுவதும் கண்டுவரத் திறந்துவிடப்பட்டது. நம் காலனியிலிருந்து உதகைக்குச் சென்று வந்தோர் பலர். பொலாரத்துக்குச் சென்று வந்தோர் சிலரே.

1874-இல் வாடி சந்திப்பிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. 1907-இல் நாம்பள்ளியில் ஹைதராபாத் ரயில் நிலையம் எழுந்தது. ரயிலில் வருபவன் சாத்தோடு வருவதில்லை. மூட்டையோடு தனியே வந்து இறங்குகிறான். அவனுக்காக ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் 1919-இல் நிலையத்தின் அருகிலேயே ஒரு சராயைக் கட்டுவித்தார். குதுப் ஷாஹிகள் பெருவழியில் செய்ததை இவர் இருப்புப்பாதையின் ஓரத்தில் செய்தார். உலகெங்கும் ரயில் நிலையத்தின் எதிரே ஓட்டல்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், காசில்லாதவனும் வந்து இறங்குவான் என்பதை ஓர் அரசு நினைவில் வைத்திருந்தது பாராட்டத்தக்கதே. அம்மன்னரது ஆட்சியில் குறை காண்போர் பலர். குறைகளும் பல உண்டு. ஆயினும் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி, இந்நகரத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுச்சோற்றோடு செல்லும் காண்டிப்பேட்டைக்கு வருவோம். அது பெருந்துயரத்தின் பயனாக எழுந்த அழகு. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு கரை புரண்டது. பாலங்களை உடைத்துக்கொண்டு நகருள் புகுந்த வெள்ளத்தில் 15,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அப்சல்கஞ்சு மருத்துவமனைத் தோட்டத்தில் இருந்த ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தனர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் நூறாண்டு கடந்தும் நின்றிருக்கிறது. புளியமரத்தின் கீழ் இரவில் படுக்கலாகாது என்று நம் பாட்டிமார் சொல்வர். அந்த இரவில் அதன் மேலே தங்கியவர்களே உயிர் தப்பினர்.

வெள்ளத்தின் பின்னர் அழைக்கப்பட்டவர் மைசூர் விசுவேசுவரையர். நகருக்கு மேலே மூசியையும் அதன் கிளையாகிய ஈசியையும் மறித்து ஏரிகள் கட்டினால் வெள்ளமும் அடங்கும், குடிநீரும் கிடைக்கும் என்பது அவர் வகுத்த திட்டம். மூசியின் மேல் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின் மேல் ஹிமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின. உஸ்மான் சாகர் அமைந்த இடமே காண்டிப்பேட்டை. காண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் இவ்வூரை விட்டுப் போகமாட்டான் என்பது இந்நகரத்தாரின் பழமொழி. நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கக்கூடும் என்றே தோன்றுகிறது! கரையில் நிஜாம் குடும்பத்தார் கோடையில் தங்குவதற்கென்று சாகர் மஹல் என்ற மாளிகை எழுந்தது. மன்னருக்கு மாளிகையும் மக்களுக்கு அணைக்கரைக் காற்றும் கிடைத்தன. இரண்டுக்கும் மூலதனம் அந்த வெள்ள இரவே. கரையில் விளையாடும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லி அவர்கள் மகிழ்ச்சியைக் குலைக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் அறிந்திருந்தால் போதும்.

ஹைதராபாத் அரசு உல்லாசப் பயணத்தைத் தன் கடமைகளுள் ஒன்றாக எண்ணிச் செய்த மிகப் பெரிய பணி அஜந்தாவில் நடந்தது. அஜந்தா மகாராஷ்டிரத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்கலாம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை அது ஹைதராபாத் இராச்சியத்தின் ஒளரங்காபாத் பகுதியைச் சேர்ந்திருந்தது. 1819 ஏப்ரல் 28-ஆம் நாள் வேட்டைக்குப் போன இடத்தில் அக்குகைகளைக் கண்டவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி ஜான் ஸ்மித். பத்தாம் குகையின் தூணில் தம் பெயரையும் தேதியையும் கீறிவைத்துப் போனார். சுவரில் பெயர் கீறும் நம் நாட்டு இளைஞர்களைக் கடிந்துகொள்ளும்போது இவரையும் நினைவிற்கொள்வது நியாயம்.

அதன்பின் நெடுங்காலம் அங்கு செல்வோர்க்குத் தங்க நல்ல இடமில்லை. 1909 முதல் 1911 வரை அச்சித்திரங்களைப் பிரதி செய்த ஹெரிங்காம் சீமாட்டியும், அவருக்குத் துணையாகச் சென்ற நந்தலால் போஸ் முதலியோரும், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அகமது முதலிய ஓவியர்களும் கூடாரங்களில் தங்கியே பணியாற்றினர். 1914-இல் நிஜாம் அரசு தொல்பொருள் துறையை நிறுவி, குலாம் யஸ்தானி என்னும் அறிஞரை அதன் தலைவராக்கியது. 1920-இல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஒர்சினி என்னும் இரு வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். சுவரிலிருந்து பெயர்ந்து விழும் நிலையில் இருந்த சித்திரங்களை அவர்கள் ஒட்டி நிறுத்தினர். அவர்கள் பூசிய மெருகு பிற்காலத்தில் கருத்துப்போயிற்று என்ற குறையும் உண்டு. குகைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஃபர்தாபூர் கிராமத்தில் அரசு விருந்தினர் மாளிகை ஒன்று எழுந்தது. நிஜாம் ரயில்வே ஒளரங்காபாத்தில் ஓட்டல் ஒன்றை நடத்தியது. 1932-இல் 27 பேருந்துகளோடு அரசின் மோட்டார்ப் போக்குவரத்தும் தொடங்கிற்று. ரயில், பேருந்து, தங்குமிடம், காப்பாற்றப்பட்ட கலைச் செல்வம் ஆகிய நான்கும் ஒரே அரசின் கையில் இருந்தமையால் ஒன்றோடொன்று பொருந்தி நடந்தன. புத்த சமயக் குகைகளை ஒரு முஸ்லிம் அரசு காத்து, அவற்றைக் காண வருவோர்க்கு விடுதியும் அமைத்த செய்தி, இந்நகரின் வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் பக்கம்.

அரண்மனைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர் நம்மை மன்னிக்கமாட்டார்கள். சார்மினாருக்குத் தெற்கே குன்றின் மேல் இருக்கும் ஃபலக்னுமாவைக் கட்டியவர் பிரபுவாகிய விகார்-உல்-உம்ரா. பின்னாளில் ஹைதராபாத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். 1884-இல் அடிக்கல் நாட்டி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் முடித்தார். செலவோ அவரையும் மீறிப் போயிற்று. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் விருந்தினராக வந்தவர் மாளிகையின் அழகில் மயங்கி நாட்கணக்கில் தங்கிவிட்டார் என்றும், பிரபு அதை அவருக்கே காணிக்கையாக்கினார் என்றும் சொல்வர். 1897-இல் மாளிகை நிஜாமின் உடைமையாயிற்று. பிரபுவுக்குப் பொருளும் கிடைத்தது. கடனில் மூழ்கிய ஒருவர் தம் வீட்டை இவ்வளவு நயமாக விற்றதாக வேறு வரலாறு நாம் கேட்டதில்லை.

அதுமுதல் அது அரச விருந்தினர் மாளிகை. நூறு பேருக்கு மேல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் மேசை அங்கே போடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது தங்கினார். அவர் மகனும் பின்னர் தங்கினார். 1951-இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தங்கியதே பெருவிருந்துகளில் கடைசி என்பர். அதன்பின் அரை நூற்றாண்டு மாளிகை பூட்டிக் கிடந்தது. தாஜ் நிறுவனத்தார் அதைக் குத்தகைக்குப் பெற்றுப் பத்தாண்டு பழுதுபார்த்து 2010 நவம்பரில் ஓட்டலாகத் திறந்தனர். முன்பு மன்னர் அழைத்தவர் மட்டுமே ஏறிய படியில் இப்பொழுது பணம் கொடுப்பவர் எவரும் ஏறலாம். இதைச் சமத்துவம் என்று சிலர் கூறுகின்றனர், ஓரளவு உண்மையே. ஆயினும் ஓரிரவு வாடகை நம் காலனியில் பலரது ஒரு மாத வீட்டுச் செலவை விழுங்கிவிடும். இதுபோன்ற மாளிகைகள் எல்லாவற்றுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர் நிஜாமத் ஜங் 1915-இல் கட்டிய ஹில் ஃபோர்ட் மாளிகை 1950-களில் ரிட்ஸ் ஓட்டலாகிப் புகழ் பெற்றது. பின்னர் ஓட்டலும் மூடப்பட்டுக் கட்டடம் பாழ்பட்டது. ஓட்டலாக்கியது ஃபலக்னுமாவைக் காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சராய்களை யார் காப்பது? அரண்மனையைப் பழுதுபார்த்தால் முதல் திரும்பும்; சராயைப் பழுதுபார்த்தால் திரும்பாது. ஷேக்பேட்டைச் சராய் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. வளைவுகளில் செடி முளைத்து, குப்பை நிறைந்து, சாலையில் செல்வோர் அது இன்னதென்றே அறியாத நிலை. அண்மைக் காலத்தில்தான் சீரமைப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. மன்னர்கள் உண்ட மேசையின் நீளம் எத்தனை அடி என்று வழிகாட்டிகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பெயரில்லாத ஆயிரமாயிரம் வழிப்போக்கர் தலைசாய்த்த இந்த முப்பது அறைகளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஒரு கட்டடம் அரசரின் பெருமையைக் காட்டுகிறது. மற்றது அரசரின் கடமையைக் காட்டுகிறது. முன்னதைப் பேணுவதற்கு வணிகம் இருக்கிறது. பின்னதைப் பேண நகர மக்களின் விருப்பம் ஒன்றே துணை. அந்த நகர மக்களில் நாமும் அடக்கம்.

பார்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். ஷேக்பேட்டைச் சராய், குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்திலிருந்து தொலைவில் இல்லை. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஹயாத்நகர் மசூதி விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டியது. அது வழிபாடு நடக்கும் இடமாதலால் தொழுகை நேரம் தவிர்த்து, அங்குள்ளோரிடம் அனுமதி கேட்டுச் செல்வது முறை. மார்கழி, தை மாதங்களின் முற்பகலே நல்ல பொழுது. புளியோதரையும் தயிர்சாதமும் குடிநீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். சராயில் அன்றும் சோறு கிடைத்ததில்லை.